எந்த அலமாரி?

தும்மலூர் ஜமீன்தாருக்கு ஒருநாள் ஒரு யோசனை வந்தது. அரண்மனையில் கிடக்கும் ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பவை இடது அலமாரிக்கு, மூளையால் ஜெயிப்பவை வலது அலமாரிக்குப் போக வேண்டும். கூடம் பெருக்கும் ஒச்சம்மாவிடம் சொன்னார். தப்பாகப் பிரித்தால் அவள் வேலை போய்விடும்.

அவள் தாயக்கட்டையை இடதில் வைத்தாள்.

“எந்தக் காயை நகர்த்தறதுன்னு யோசிக்கிறேனே, அது மூளையில்லையா?” என்றார் ஜமீன்தார்.

வலதில் வைத்தாள்.

“தாயம் விழுறது மூளையாலயா?”

பல்லாங்குழிக்கும் இதே கதிதான். ஒச்சம்மாவுக்கு அழுகை முட்டியது. எல்லாவற்றையும் தரையில் குவித்தாள்.

“இங்க எல்லா ஆட்டத்திலயும் நீங்கதான் ஜெயிக்கிறீங்க, சாமி. அப்புறம் எப்படிப் பிரிக்க? உங்களை ஜெயிச்சாலும் குத்தமில்லைன்னு இன்னிக்கு மட்டும் சொல்லுங்க.”

ஜமீன்தார் சிரித்தபடி சம்மதித்தார்.

சதுரங்கத்தில் சமையல்காரர் அவரை ஜெயித்தார். ஆடுபுலியில் குதிரைக்காரர் ஜெயித்தார். தாயத்தில் ஒச்சம்மாவே ஜெயித்தாள். ஜமீன்தாரின் முகம் செத்துப்போனது.

“அப்படின்னா இத்தனை வருஷமா நான் எதாலதான் ஜெயிச்சேன்?”

“எங்க பயத்தால, சாமி,” என்றாள் ஒச்சம்மா. “அதுக்கு நீங்க அலமாரி வைக்கல.”

அவர் காலி அலமாரிகள் இரண்டையும் சாத்தினார். சமையல்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“விடுங்க சாமி, நாளைக்குப் பழையபடி தோத்துடுறோம்.”