கம்பிப் பையும் பொன் உறையும்

முன்னொரு காலத்தில் பூட்டுப் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். பைத்தியம் என்று இப்போது நான் தைரியமாகச் சொல்கிறேன். அவர் காலத்தில் சொல்லியிருந்தால் என் வாய்க்கும் ஒரு பூட்டுப் போட்டிருப்பார். கஜானாவுக்குப் பூட்டு என்றால் நியாயம். கிளிக்கூண்டுக்குப் பூட்டு, சரி, போனால் போகட்டும். ஊறுகாய் ஜாடிக்கும் பூட்டு என்றால் என்ன சொல்வது? ராணியம்மா ஒருநாள் ஆசையாக மாவடு கேட்டபோது சாவி ராஜாவின் இடுப்பில் இருந்தது, ராஜாவோ வேட்டைக்குப் போயிருந்தார்.

இந்தப் பூட்டுகளையெல்லாம் வாங்கிக் கொடுத்தவர் கஜானா அதிகாரி பராங்குசர். துறைமுகத்து வியாபாரிகளிடம் பேரம் பேசிக் கொண்டுவந்து, "மகாப்பிரபு, இதைப் பிரம்மதேவனாலும் திறக்க முடியாது" என்பார். ராஜா பூரித்துப் போவார். பிறகு சாவியை எங்கேயாவது தொலைப்பார். உடனே ஆவுடையைக் கூட்டிவரச் சொல்லி ஆள் ஓடும்.

ஆவுடை கொல்லர் தெருக்காரி. சாவி தொலைத்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பூட்டை உடைக்காமல் திறந்து கொடுப்பது அவள் தொழில். ஆட்டுத்தோல் பை ஒன்றைச் சுருட்டி இடுப்பில் செருகியிருப்பாள். விரித்தால் உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், அறைக்கொரு கம்பி. நுனி வளைந்தது, கொக்கி வைத்தது, தட்டையானது என்று விதவிதமாக இருக்கும். பிரம்மதேவனாலும் முடியாத பூட்டை அவள் வெற்றிலை மென்றுகொண்டே திறப்பாள். ராஜாவின் விகடகவி மருதக்கூத்தன் பக்கத்தில் நின்று, "பராங்குசரே, பிரம்மதேவனுக்கு மேலே ஒருத்தி கொல்லர் தெருவில் குடியிருக்கிறாள் போலிருக்கிறதே!" என்பான். சபை சிரிக்கும். பராங்குசருக்கு வயிறு எரியும்.

எரிகிற வயிறு சும்மா இருக்குமா? ஒருநாள் அவர் ராஜாவின் காதருகே போனார்.

"மகாப்பிரபு, தச்சன் உளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரறியப் போகிறான். இவள் மட்டும் கருவியைச் சுருட்டி இடுப்பில் மறைப்பானேன்? மறைப்பது திருடர் வழக்கம் அல்லவா?"

ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே ஊரெங்கும் பறையறைந்தார்கள். சாவியின்றிப் பூட்டைத் திறக்கவல்ல பொருளை உறையில் மறைத்து உடலில் வைத்திருப்போர் எவராயினும் அவர் வலக்கை வெட்டப்படும். இதுதான் சட்டம். வாசகத்தை எழுதியவர் பராங்குசர். 'எவராயினும்' என்ற சொல்லைக் கம்பீரமாக இருக்கட்டும் என்று அவரே சேர்த்தார்.

பறைச் சத்தம் அடங்குமுன் ஆவுடையைப் பிடித்துவிட்டார்கள். பராங்குசர் அவளுடைய தோல்பையைப் பிடுங்கி, சபையில் எல்லோரும் பார்க்கக் கத்தியால் தாறுமாறாகக் கிழித்தார். கம்பிகள் தரையில் சிதறின. எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் ஆத்திரம் வரும். ஒருத்திக்குச் சோறு போடும் தொழிலை இப்படிக் கிழித்துப் போட மனம் வருமா?

கைவிலங்கோடு நின்ற ஆவுடையைப் பார்த்து, "கருவியை ஏன் ஒளித்து வைத்தாய்?" என்று கேட்டார் ராஜா.

"ஒளிக்கல மகாராசா, பத்திரமா வச்சிருந்தேன். கம்பியோட கம்பி உரசினா முனை மழுங்கிப் போவும். மழையில நனைஞ்சா துரு ஏறும். கையில புடிச்சிக்கிட்டுப் போனா தெருவுல வர்றவங்க கண்ணைக் குத்தும். அதுக்குத்தான் பை. ஒங்க வாளுக்குக்கூட உறை இருக்கு. வாளை ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு யாராச்சும் சொல்றாங்களா?"

ராஜாவின் மீசை துடித்தது. அந்த நேரம் பார்த்து மருதக்கூத்தன் எழுந்தான்.

"மன்னா, அவள் கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்லிவிட்டுக் கையை வெட்டுவதுதான் முறை."

பராங்குசர் காத்திருந்தது இதற்குத்தான். இரண்டு பேரையும் ஒரே வலையில் பிடிக்கலாம் அல்லவா?

"மகாப்பிரபு, விகடகவிக்கு இவள்மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒன்று செய்யட்டும். இவளுடைய கம்பிகளுக்கு ஓர் உறை கொண்டுவரட்டும். பார்த்த மாத்திரத்தில் 'இது நல்லவருடைய உறை' என்று சபை முழுவதும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். சொன்னால் இவளை விட்டுவிடலாம். சொல்லாவிட்டால் இவள் கையோடு அவன் கையும் போகட்டும்."

ராஜாவுக்கு இப்படிப்பட்ட விளையாட்டு என்றால் கொள்ளை ஆசை. "நாளைச் சபைக்குள் கொண்டு வா!" என்று உத்தரவிட்டார்.

மருதக்கூத்தன் கடைத்தெரு முழுக்க அலைந்தான். மூங்கில் குழாய், சந்தனப் பெட்டி, பட்டுப் பை என்று வாங்கிக்கொண்டு சிறைக்குப் போனான். ஆவுடை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"மூங்கில்ல எல்லாக் கம்பியும் ஒண்ணு மேல ஒண்ணு உருளும், ஆகாது. பெட்டியத் தூக்கிக்கிட்டு ஏணியில ஏறி மச்சுக் கதவைத் தொறக்கணும்னா, பெட்டிய எங்க வைக்கிறது, ஒங்க தலையிலயா? பட்டு ஒரே நாள்ல சல்லடையாப் போயிரும்."

"உன் கை போகப்போகிறது, அம்மா. கொஞ்சம் அனுசரித்துப் போயேன்."

"கை இருந்தாலும் போனாலும் எனக்குத் தோல்பைதான் சரி. நல்லவங்க பைன்னு தனியா ஒண்ணு கடையில விக்கிதா என்ன? அந்தப் பராங்குசர் இடுப்புல தங்க உறை தொங்குதே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"எழுத்தாணி இருக்கிறது."

"இரும்பு எழுத்தாணியா?"

"ஆமாம்."

ஆவுடை தன் கைவிலங்கின் பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். மருதக்கூத்தன் வாங்கி வந்ததையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் ஆவுடையை விலங்கோடு சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மருதக்கூத்தன் நுழைந்தபோது அவன் கையில் ஒன்றுமில்லை.

"உறை எங்கே?" என்றார் ராஜா.

"சபையிலேயே இருக்கிறது, மன்னா. பராங்குசரின் இடுப்பைப் பாருங்கள். அந்தப் பொன் உறை யாருடைய உறை? நல்லவருடையதா, திருடருடையதா? சபையோர் சொல்லுங்கள்."

கஜானா அதிகாரியின் முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்ல முடியும்? "நல்லவருடைய உறை!" என்று சபை ஒரே குரலில் முழங்கியது. பராங்குசரின் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

"கேட்ட உறை கிடைத்துவிட்டது. இனி ஆவுடையின் கம்பிகளை அதில் வைக்க வேண்டும். உள்ளே இருப்பதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள், பராங்குசரே."

ராஜா தலையசைத்தார். பராங்குசர் முணுமுணுத்தபடி எழுத்தாணியை எடுத்தார். மருதக்கூத்தன் அதை வாங்கி ஆவுடையிடம் நீட்டினான். அவள் விரல்களால் பிடித்து, தன் விலங்குப் பூட்டின் துளைக்குள் விட்டு, ஒரு நெம்பு நெம்பினாள். விலங்கு கழன்று தரையில் விழுந்தது.

"இவரு வாங்கித் தந்த பூட்டுதான் மகாராசா," என்றாள் ஆவுடை. "வெளக்குமாத்து ஈர்க்குச்சியே போதும். எழுத்தாணி எதுக்கு?"

மருதக்கூத்தன் ராஜாவின் முன் வந்து நின்றான்.

"சாவியின்றிப் பூட்டைத் திறந்த பொருள் இதோ இருக்கிறது. அது உறைக்குள் இருந்தது. உறை உடலில் இருந்தது. எவராயினும் வலக்கை வெட்டப்படும் என்று சட்டம் சொல்கிறது. வெட்டுபவனைக் கூப்பிடலாமா?"

"அது எழுத்தாணி! எழுதுவதற்கு வைத்திருக்கிறேன்!" என்று அலறினார் பராங்குசர்.

"என் கம்பியும் சாவி தொலைச்சவங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்," என்றாள் ஆவுடை. "நேத்து நான் சொன்னப்ப யாரும் கேக்கலியே?"

ராஜா முகம் சுளித்தார். "பராங்குசர் ராஜாங்க அதிகாரி. அவர் வேறு, இவள் வேறு."

"அப்படியானால் 'எவராயினும்' என்பதை அடித்துவிட்டு, 'கொல்லர் தெருக்காரராயின்' என்று எழுதுங்கள், மன்னா. பறையை என் தோளிலேயே மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லி வருகிறேன். ஜனங்களும் தெரிந்துகொள்ளட்டும்."

"மருதக்கூத்தா, உன் நாக்கு நீளுகிறது!"

"கைக்கே இங்கே நிச்சயமில்லை, நாக்கை நான் எங்கே காப்பாற்றுவது? தங்கள் தலைப்பாகையில் குத்தியிருக்கும் ஊசியை மட்டும் தயவுசெய்து தர வேண்டும்."

கோபத்தைவிட ராஜாவுக்கு ஆவல் பெரிது. ஊசியை உருவிக் கொடுத்தார். ஆவுடை விலங்கைத் தானே எடுத்து மாட்டிப் பூட்டிக்கொண்டாள். ஊசியை உள்ளே விட்டாள். விலங்கு மறுபடியும் விழுந்தது.

"மன்னா," என்றான் மருதக்கூத்தன், "தலைப்பாகையும் ஓர் உறைதான்."

ராஜா தன் வலக்கையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். புறங்கையைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு ஆவுடையின் கையைப் பார்த்தார். முதலில் அவர் தொப்பைதான் குலுங்கியது. அப்புறம் சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார்.

"சட்டத்தை எடுத்துவிட்டோம்! பெண்ணே, உன்னைப் பிடித்தது எங்கள் தவறு. இனி உன் பையில் ராஜமுத்திரை குத்தித் தருகிறோம். யாரும் உன்னைச் சந்தேகப்பட மாட்டார்கள்."

"வேணாம் மகாராசா. முத்திரை இருந்தாத்தான் நான் நல்லவளுன்னா, அது மழையில அழிஞ்சுபோற அன்னிக்கு நான் திருடியா? என்னைக் கூப்பிடுறவங்க என் பையப் பாத்துக் கூப்பிடல, என்னைப் பாத்துத்தான் கூப்பிடுறாங்க."

ராஜா விகடகவியின் பக்கம் திரும்பி, "மருதக்கூத்தா, உனக்கு என்ன பரிசு வேண்டும்? தயங்காமல் கேள்" என்றார்.

"பராங்குசரின் வலக்கை வேண்டும்."

பராங்குசர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"வெட்ட வேண்டாம், மன்னா. ஆளோடு சேர்த்தே கொடுங்கள். கிழித்த பைக்குப் பதிலாகப் புதுப் பை தைக்க ஒரு கை தேவைப்படுகிறது."

ராஜாவின் சிரிப்பு மறுபடி கிளம்பியது. ஆட்டுத்தோலும் மெழுகு நூலும் சபைக்கு வந்தன. கஜானா அதிகாரி சம்மணமிட்டு உட்கார்ந்து, விரலெல்லாம் குத்திக்கொண்டு, பொழுது சாயும்வரை தைத்தார். தைத்த பையை ஆவுடை வாங்கி, அறை அறையாகக் கம்பியை விட்டுப் பார்த்தாள்.

"இந்த அறை அகலம், சாமி. கம்பி ஆடுது. பிரிச்சிட்டு மறுபடி தைங்க."