இருபத்திரண்டாவது வாரத்துக் கதவு

ஒரே ஒரு ஊர்ல, பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படாத ஒரு ஊர்ல, புஸ்தகத்துக்குப் பயந்த ஒருத்தி இருந்தா. ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும், இல்லேன்னா நான் திரும்பிப் படுத்துக்குவேன். ஆங், அப்படி.

அவ பேரு தில்லைநாயகி. வீட்ல தில்லைன்னு கூப்பிடுவாங்க. அது ரயில் நிக்கிற ஊரு. வியாழக்கிழமையானா பகல் வண்டியில வாரப் பத்திரிகைக் கட்டு வந்து பிளாட்பாரத்துல பொத்துன்னு விழும். பள்ளிக்கூடம் விட்டதும் தில்லை கடைக்கு ஓடி ஒண்ணு வாங்கிக்குவா. நடந்துக்கிட்டே படிப்பா. ஒரு நாள் அப்படிப் போயி எருமை மேல முட்டிக்கிட்டு, "தெரியாம இடிச்சிட்டேங்க"ன்னு எருமைகிட்டயே சொன்னாளாம். சிரிக்காத. நீயும் அப்படித்தான் ஆகப்போற, சோறு திங்கும்போது படிக்கிற கழுதை நீ.

அவ அம்மாவும் படிக்கிற ஆளுதான். அந்த வீட்ல ஒரு வழக்கம் உண்டு. தொடர்கதை வர்ற பக்கத்தை மட்டும் வாராவாரம் பிளேடால கிழிச்சு, ஒரு தகர டப்பாவுல சேத்து வைப்பாங்க. கதை முடிஞ்சு கடைசியில "முற்றும்"னு போட்டிருக்கும் பாரு, அந்த வாரம் அம்மா மைதாப் பசை காய்ச்சுவா. பூச்சி அரிக்காம இருக்க அதுல துளி மயில்துத்தம் போடுவா. கோணி ஊசியால பக்கத்தையெல்லாம் சேத்துத் தச்சு, பழைய காலண்டர் அட்டையை ஒட்டுனா புஸ்தகம் ஆயிடும். அலமாரி நிறைய அப்படித்தான் வச்சிருந்தாங்க. ஆனா முற்றும் போடாத கதையை மட்டும் அம்மா தைக்கவே மாட்டா. பாதியில நின்னு போச்சுன்னா பழைய பேப்பர்காரன்கிட்ட எடைக்குப் போட்டுடுவா. "முடியாத கதையை வீட்ல வச்சுக்கக் கூடாதுடி"ம்பா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டா.

அப்போ தில்லைக்குப் பதினோரு வயசு. பத்திரிகையில புதுசா ஒரு தொடர்கதை ஆரம்பிச்சுது. ஒரு பொம்பளை தனியா ஒரு வீட்ல இருக்கா. உச்சி வெயில்ல, தெருவுல ஒரு ஈ காக்கா இல்லாத நேரத்துல, யாரோ வெளி கேட்டைத் தட்டறாங்க. டொக்... டொக்... டொக். போய்ப் பாத்தா ஆள் இல்ல. அடுத்த வாரம் வாசக் கதவுல டொக்... டொக்... டொக். அதுக்கடுத்த வாரம் கூடத்துக் கதவுல. தட்டறது என்னன்னு தெரியல, ஆனா வாரத்துக்கு வாரம் கிட்ட வருது. பதினஞ்சாவது வாரத்துலேருந்து அது கூப்பிடவும் ஆரம்பிச்சுது. யார் குரல்ல தெரியுமா? அவளுக்குத் தெரிஞ்சவங்க குரல்ல. அண்ணன் மாதிரி கூப்பிடும், சிநேகிதி மாதிரி கூப்பிடும். ம்... என்ன, போர்வைக்குள்ள போயிட்ட? காலை வெளிய நீட்டு, வேர்க்கும்.

இருபத்திரண்டாவது வாரம் அது அவ இருக்கிற அறைக் கதவையே தட்டுச்சு. செத்துப்போன அவ அம்மா குரல்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. அவ எந்திரிச்சுப் போனா. தாழ்ப்பாள் மேல கையை வச்சா. அவ்வளவுதான். கீழ "தொடரும்"னு போட்டிருந்துது.

அடுத்த வியாழக்கிழமை பகல் வண்டி வந்துது, கட்டு விழல. அதுக்கடுத்த வாரமும் விழல. கடைக்காரர், "பத்திரிகையை நிறுத்திட்டாங்க பாப்பா, இனிமே வராது"ன்னுட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் யாருன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு. அம்மா அந்தப் பக்கத்தையெல்லாம் எடுத்து எடைக்குக் கட்டி வச்சா. தில்லைக்கு மனசு கேக்கல. தாழ்ப்பாள்ல கையை வச்சபடி நிக்கிறவளை எப்படிப் பேப்பர்காரன் தராசுல போடறது? அம்மா இல்லாத நேரமாப் பாத்து, கட்டைப் பிரிச்சு எடுத்து, அவளே பசை காய்ச்சி, அவளே தச்சு, அட்டை போட்டு, துணிப்பெட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டா. அதுதான் அவ செஞ்ச தப்பு.

ஒரு வாரம் ஆகல. உச்சி வெயில். அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருக்கா. தில்லை தனியா இருக்கா. அப்போ வாசக் கதவுல டொக்... டொக்... டொக்.

"தில்லை, கதவைத் திற."

அம்மா குரல்தான். ஆனா கதையிலயும் அம்மா குரல்லதானே கூப்பிட்டுச்சு? தில்லை தாழ்ப்பாளைக் கூடத் தொடல. நெல்லுக் குதிருக்குப் பின்னாடி போய் ஒண்டிக்கிட்டா. தட்டத் தட்ட காதைப் பொத்திக்கிட்டா. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு பக்கத்து வீட்டு ஆளு கொல்லைப்புறமா ஏறிக் குதிச்சு வந்து திறந்தார். வெளிய அம்மா நிக்கிறா. மண்ணெண்ணெய் டின்னோட வெயில்ல வெந்துபோய், உள்ள புள்ளைக்கு என்ன ஆச்சோன்னு பதறி, முகமெல்லாம் செக்கச்செவேல்னு. தில்லை முதுகுல பளார்னு ஒண்ணு விழுந்துது. அம்மா அடிச்சிட்டு அவளே கட்டிக்கிட்டு அழுதா. புஸ்தகம் தச்ச விஷயத்தை மட்டும் தில்லை கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.

ம்... தூங்கிட்டியா? தூங்கல. சரி.

அப்புறம் தில்லை வளந்தா, கல்யாணம் ஆச்சு. புருஷன் கலியபெருமாளுக்கு ரயில்வேயில வேலை. துணிப்பெட்டியோட அந்தப் புஸ்தகமும் புருஷன் வீட்டுக்கு வந்துடுச்சு. அவ படிக்கிறதை நிறுத்தல. ஆனா படிக்கிற விதமே மாறிப்போச்சு. நூல்நிலையத்துல எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் முதல்ல கடைசிப் பக்கத்தைத் திறந்து, முற்றும் இருக்கான்னு விரலால தொட்டுப் பாப்பா. இருந்தாக்க, அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு அப்புறம்தான் முதல் பக்கத்துக்கு வருவா. "ஏம்மா, சோத்துக்கு முன்னாடி பாயசத்தை நக்கிப் பாக்குறியா"ன்னு நூல்நிலையத்துக்காரர் கேலி பண்ணுவார். பண்ணிக்கட்டும். கல்யாணத்துல முடியுற கதைன்னா அவளுக்கு உயிரு. யாத்திரை போனவங்க பத்திரமா வீடு திரும்பி எழுதுன கட்டுரையும் பிடிக்கும். சமையல் குறிப்புப் புஸ்தகத்தைக் கதை மாதிரி படிப்பா. "இதுதாங்க நிம்மதியான புஸ்தகம், எது நடந்தாலும் கடைசியில சூடாகப் பரிமாறவும்னு முடிஞ்சிடுது"ம்பா. கலியபெருமாள் படிக்கிற துப்பறியும் கதைன்னா ஆகாது. அட்டையில மூடின கதவு போட்டிருந்தா அதைக் குப்புறக் கவுத்து வைப்பா. அவரும் பாவம், டூட்டி முடிஞ்சு வந்தா கதவைத் தட்ட மாட்டார். சைக்கிள் பெல்லை கிணிங் கிணிங்னு அடிப்பார், அவ திறப்பா.

ஒரு சித்திரை மாசம், தேர்த்திருவிழா. தெருவே தேர் பாக்கப் போயிடுச்சு. கலியபெருமாள் டூட்டியில. தில்லை மட்டும் வீட்ல. உச்சி நேரம். டொக்... டொக்... டொக்.

யாரோ என்னமோ கூப்பிட்டாங்க. அவ என்னன்னு காது குடுத்துக் கேட்டாத்தானே? சமையக்கட்டுக்குள்ள ஓடி, கதவைச் சாத்தி, காதைப் பொத்திக்கிட்டா. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னு போச்சு. அப்பாடான்னு இருந்துது அவளுக்கு. மறுநாள் காலையில தந்திக்காரர் திரும்ப வந்தார். "நேத்தே வந்தேம்மா, ஆள் இல்ல போலிருக்குன்னு போயிட்டேன்." அம்மாவுக்கு ரொம்ப முடியல, உடனே வான்னு தந்தி. தில்லை விழுந்தடிச்சுக்கிட்டு போனா. ஒரு நாள் முன்னாடி போயிருந்தா அம்மா முகத்தை உசுரோட பாத்திருக்கலாம். பாக்க முடியல.

காரியமெல்லாம் முடிஞ்சு திரும்பி வந்ததும் அந்தப் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு வெந்நீர் அடுப்புகிட்ட போனா. தணல் திகுதிகுன்னு இருக்கு. உள்ள போட்டுட வேண்டியதுதான். ஆனா கை வரல. போட்டா அந்தப் பொம்பளை தாழ்ப்பாள்ல கையை வச்சபடியே எரிஞ்சு போவாளே? கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறது மட்டும் எரியாம வெளிய வந்துட்டா? இப்படி ரெண்டு பக்கமும் யோசிச்சு யோசிச்சு, திரும்பவும் பெட்டிக்கு அடியிலயே வச்சுட்டா. எனக்கு அவ மேல கோவம் கோவமா வரும். ஆனா பயந்தவளுக்குப் புத்தி சொல்றது சுலபம் கண்ணு, பயந்து பாத்தாத்தான் தெரியும்.

அப்புறம் வருஷம் ஓடிச்சு. தலை நரைச்சுது. கலியபெருமாள் போய்ச் சேந்துட்டார். ஒரே பொண்ணு மேகலா, அவளை வேற ஊர்ல கட்டிக் குடுத்தாச்சு. தில்லை தனியா இருந்தா. கண்ணுல புரை விழுந்து, பூதக்கண்ணாடி வச்சு எழுத்து எழுத்தாப் படிப்பா. அப்பவும் முதல்ல கடைசிப் பக்கம்தான். பால் காலையில வந்துடும், பக்கத்து வீட்டு ருக்கு சாயங்காலம் பேச வருவா. மேகலா வர்றதுன்னா முன்கூட்டியே கடுதாசி போடுவா. உச்சி நேரத்துல அந்தக் கதவைத் தட்ட ஆளே கிடையாது.

அப்படி இருந்த வீட்ல, ஒரு நாள் உச்சி வெயில்ல டொக்... டொக்... டொக்.

"அம்மா."

மேகலா குரல். தில்லை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கடுதாசி வரலயே, அவ எப்படி வருவா? அது சத்தம் குடுத்துப் பாத்துட்டுப் போயிடுச்சு. பத்து நாள் கழிச்சு மறுபடியும் டொக்... டொக்... டொக். மறுபடியும் "அம்மா." தில்லை சாமி படத்துக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டா. அதுவும் போயிடுச்சு. இத்தனை வருஷம் கழிச்சு என்னைத் தேடிக்கிட்டு வந்துடுச்சேன்னு அவளுக்கு சோறு இறங்கல. புஸ்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு தினம் தினம் படிச்சா, எங்கயாவது ஒரு வரியில அது யாருன்னு சொல்லியிருக்காதான்னு. படிச்சுப் படிச்சு அவளுக்கு இருபத்திரண்டு வாரமும் மனப்பாடம்.

மூணாவது தடவை மழை. மத்தியானமே இருட்டிக்கிட்டு வந்துது. தில்லை பூதக்கண்ணாடியோட அந்தக் கடைசி வரியிலதான் இருந்தா. டொக். ஒரே ஒரு தடவை. அப்புறம் கதவை உரசிக்கிட்டு என்னமோ சரக்குன்னு கீழ சரிஞ்சு உக்காந்துது. கூப்பிடல. கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான். அப்புறம் அழுகைச் சத்தம் கேட்டுது. வாயைப் பொத்திக்கிட்டு அழுவாங்களே, அந்த மாதிரி.

தில்லைக்குப் பயம்தான். ஆனா புத்தி ஒரு பக்கம் வேலை செய்யுது. கதையில தட்டறது அழவே இல்லியே? கூப்பிட்டுச்சு, சிரிச்சுச்சு, மிரட்டுச்சு. இருபத்திரண்டு வாரத்துல எந்தப் பக்கத்துலயும் அழல. இது அந்தப் புஸ்தகத்துல இல்லாதது. எந்திரிச்சா. போய்த் தாழ்ப்பாள் மேல கையை வச்சா. நீக்குனா. கதவு கிரீச்னு திறந்துது.

மேகலா உக்காந்திருக்கா. தொப்பலா நனைஞ்சு, ஒரு பக்கம் கன்னம் வீங்கி, கண்ணு மூடிப் போய்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்தேம்மா"ன்னா. "நீ திறக்கல. திரும்பி அங்கயே போயிட்டேன்."

தில்லை அவளைத் தூக்கி நிறுத்தி உள்ள கூட்டிக்கிட்டுப் போய், கதவைத் தாழ் போட்டுட்டு தலையைத் துவட்டுனா. அம்மா வெயில்ல நின்னது, தந்திக்காரர் திரும்பிப் போனது, இப்போ இது. கதவுக்கு அந்தப் பக்கம் யாருன்னு ஆயுசு பூரா படிச்சுத் தேடுனாளே, அந்தப் பக்கம் அத்தனை தடவையும் நின்னது அவளை நம்பி வந்தவங்கதான்.

அப்போ... டமார். டமார். டமார்.

கேக்குதா? மெதுவா இல்ல, கதவு ஆட்டம் குடுத்துது. மேகலா அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டா. "அவர்தாம்மா. பின்னாடியே வந்துட்டார். திறக்காதம்மா, அம்மா, திறக்காத."

தில்லை எத்தனை புஸ்தகம் படிச்சிருப்பா? ஆயிரம் இருக்கும். ஒண்ணுலயாவது கடைசிப் பக்கம் தெரியாம முதல் பக்கத்தைத் தொட்டதுண்டா? இப்போ புரட்டிப் பாக்க ஒரு பக்கமும் இல்ல. அவன் அடிப்பானா, தள்ளிட்டு வருவானா, ஒண்ணும் தெரியாது. பயம் போயிடுச்சுன்னு நினைக்காத. உள்ளங்கை வேர்த்து தாழ்ப்பாள் வழுக்குது. அவன் நாலாவது தடவை தட்டறதுக்கு முன்னாடி திறந்துட்டா. திறந்து, நிலைப்படியில நின்னுக்கிட்டா, ரெண்டு கையாலயும் நிலையைப் பிடிச்சுக்கிட்டு.

மாப்பிள்ளை எதிர்பாக்கல. தட்டுனா அந்த வீட்டுக் கதவு திறக்காதுன்னு அவனுக்கும் தெரியும்.

"அவளை வெளிய அனுப்புங்க அத்தை. பேசிக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"நீங்க பேசுனதை அவ கன்னத்துல பாத்தேன்."

"நகருங்க."

"நகர மாட்டேன்."

அவன் ஒரு படி ஏறுனான். தில்லைக்கு உசுரே போயிடும் போல இருந்துது. ஆனா கை மட்டும் நிலையை விடல. அவன் போட்ட சத்தத்துல எதிர் வீட்டுக் கதவு கிரீச்னு திறந்துது. அப்புறம் ருக்கு வீட்டுக் கதவு கிரீச். அப்புறம் இன்னொண்ணு. மழையில குடை கூட இல்லாம ஆளுங்க வந்து சும்மா நின்னாங்க. அவன் அந்தப் பக்கம் பாத்தான், இந்தப் பக்கம் பாத்தான். ஏறுன படியில காலை எடுத்துக் கீழ வச்சான். திரும்பிப் பாக்காமப் போனான்.

என்ன கேக்குற? திரும்பி வருவானான்னா? வந்தாலும் வருவான், யார் கண்டா. அன்னைக்குத் தில்லையும் அதைத்தான் நினைச்சா. ஆனா மேகலாவை மடியில போட்டுக்கிட்டு, "நீ தூங்கு. எவன் தட்டுனாலும் நான் போய்த் திறக்கிறேன்"னு சொன்னா. மேகலா தூங்குனா. எத்தனை மாசத்துக்கு அப்புறமோ அன்னைக்குத்தான் தூங்குனா.

அவ்வளவுதான். கதையும் படுத்தாச்சு, நீயும் கண்ணை மூடிப் படு.