நிறம் போன குட்டை

சென்னியப்பன் ஒரு காலத்தில் சாயப்பட்டறை முதலாளி. பட்டறையை மூடிய பிறகு, செடிகளுக்குள் வாழும் கிருமிகளை ஆராய்கிற சுகந்தியிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவர் மகள் வயது. ஊர் வாய்விட்டுச் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

பட்டறைக்குப் பின்னால் ரத்தச் சிவப்பில் ஒரு குட்டை கிடந்தது. எல்லாம் அவர் திறந்துவிட்ட கழிவு. பக்கத்துத் தோட்டத்து வேலாத்தாவின் கிணறு அதனால் கெட்டது. தென்னைகள் பட்டுப்போயின. அவள் மகன் பிழைப்புத் தேடி வெளியூர் போனான். அன்று வேலாத்தா இவர் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அதன்பிறகு ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை.

"இதைக் கழுவ முடியுங்களா, மேடம்?"

சுகந்தி நாணல் நாற்றுகளைக் கொடுத்தாள். வேருக்குள் குடியிருந்து சாயத்தைத் தின்னும் கிருமிகளை அவளே வளர்த்து ஏற்றியிருந்தாள்.

"வேலையை அதுங்க பார்த்துக்கும். நீங்க அவசரப்படாம இருந்தாப் போதுங்கய்யா."

அது ஒன்றுதான் அவரால் முடியாத காரியம்.

நாணல் வேர் பிடித்தது. சிவப்பு மெல்ல மெல்ல மங்கியது. ஒருநாள் காலையில் குட்டையின் அடியில் கிடந்த கல் தெரிந்தது. சென்னியப்பன் ஓட்டமாய் ஓடி வேலாத்தாவை அழைத்து வந்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருப்பே, சென்னியப்பா. நாளைக்கு ஆட்டுக்கு இங்கயே தண்ணி காட்டறேன். எனக்கும் ஒரு கொடம் மொண்டுக்கறேன்."

அவர் அழுதேவிட்டார்.

மாலையில் சுகந்தி வந்தாள். முன்பு எடுத்துப்போன தண்ணீரைச் சோதித்து முடித்திருந்தாள். முகம் இறுகியிருந்தது.

"சாயம் உடைஞ்சிருக்கு. நிறம் மட்டுந்தான் போயிருக்கு. உடைஞ்ச துண்டெல்லாம் தண்ணிலயே கெடக்கு. அது சாயத்தைவிட மோசம்."

"அதையும் கிருமி தின்னுருமுங்களா?"

"திங்கலாம். எப்பன்னு எனக்குத் தெரியாது."

"அந்தம்மா நாளைக்கு மொள்ள வருதுங்க."

சுகந்தி தெளிந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தாள்.

"பழைய சாயம் மிச்சம் இருக்கா?"

"ஒரு டப்பா கெடக்குங்க."

"கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். அவள் மூடியைத் திறந்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"கொட்டுங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"விஷத்தையா? கழுவத்தானுங்களே வந்தேன்?"

"உள்ள கெடக்கற விஷத்துக்கு முன்னாடி இது ஒரு சிட்டிகை."

"குடிக்காதேன்னு நானே போய்ச் சொல்லிடறனுங்க."

"அவங்க கேட்டுக்குவாங்க. ஆடு ஓட்டிட்டு வர்ற மத்தவங்களுக்கு யாரு சொல்றது? வழியில போறவங்களுக்கு? செவப்பாக் கெடந்தாத்தான் ஒதுங்கிப் போவாங்க."

"கிருமி இதையும் வெளுத்துருமுங்களே."

"வெளுத்தா மறுபடி கொட்டுங்க."

 அவர் வேலாத்தா வீட்டுப் பக்கம் பார்த்தார். அடுப்புப் புகை தெரிந்தது.

"இன்னைக்குத்தான் மேடம் எனக்கு ஒரு நல்ல வார்த்தை கெடைச்சுது. விடிஞ்சு செவப்பைப் பார்த்தா அந்தம்மா மறுபடியும் திட்டுமுங்களே."

"திட்டட்டுங்கய்யா. திட்டறவங்க குடிக்க மாட்டாங்க."