முயல் சொல்ல வந்தது

அந்தக் காலத்தில், முயலுக்கும் குரல் இருந்த நாட்களில், ஏரிக்கரைப் பொட்டலில் ஓர் ஆள்காட்டிக் குருவியும் ஒரு முயலும் அக்கா தங்கையாகப் பழகி வந்தன. முயலின் குட்டிகளை முந்தின மாதம்தான் நரி தூக்கிப் போயிருந்தது. ஆள்காட்டியோ வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டிருந்தது. சித்திரை வெயிலில் முட்டை வெந்துவிடுமே! அதனால் ஏரிக்குப் போய், நெஞ்சிறகை நனைத்து வந்து, முட்டைகளின் மேல் உட்காரும்.

"நீ நனைஞ்சிட்டு வாக்கா. அதுவரைக்கும் நான் நிழலா நிக்கிறேன்" என்று முயல் சொல்லும். சொன்னபடி நிற்கும். ஆள்காட்டி திரும்பி வந்தால் இரண்டுக்கும் பேச்சு ஓயாது.

ஒரு நாள் ஈர இறகோடு வந்த ஆள்காட்டி, ஒரு முட்டை நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்தது. முயலின் பின்னங்காலில் மஞ்சள் கரு.

"அக்கா, கொஞ்சம் கேளு..."

"கேக்க என்னடி இருக்கு? உன் குட்டிங்க போச்சுன்னு, என் பிள்ளையை வேணும்னே மிதிச்சிருக்கே!"

காரணத்தை அதுவே கற்பித்துக்கொண்டது. பிறகு கோபத்துக்குக் கேட்க வேண்டுமா? முயல் பதில் சொல்ல வாய் திறந்தது. அந்த வாயிலேயே கொத்திவிட்டது ஆள்காட்டி. மேலுதடு பிளந்தது. அதோடு குரலும் போயிற்று.

முயல் திருப்பி உதைக்கவில்லை. விலகி நடந்தது. அப்போதுதான் அதன் முதுகு தெரிந்தது. முதுகெல்லாம் நகக் கீறல், ரத்தம். பக்கத்து மணலில், உடும்பு வாலை இழுத்துக்கொண்டு ஓடிய தடம். முட்டை தின்ன வந்த உடும்பை முயல் உதைத்து விரட்டியிருக்கிறது. அந்தத் தள்ளுமுள்ளில் ஒரு முட்டை காலில் பட்டிருக்கிறது. மூன்று முட்டைகள் பிழைத்தது அதனால்தான்.

"தங்கச்சி, ரொம்ப வலிக்குதாடி?" என்று ஆள்காட்டி கத்தியது. இதை முதலிலேயே கேட்டிருக்கலாம், பாவி. முயல் புதருக்குள் போய்விட்டிருந்தது.

மூன்று குஞ்சுகளும் பொரிந்து, வளர்ந்து, பறந்து போயின. ஆள்காட்டிக்கு மனசு ஆறவே இல்லை. வெயில் ஏறும்போதெல்லாம் அந்த நிழலுக்காக, அந்தப் பேச்சுக்காக ஏங்கியது.

அன்று முதல்தான், பொட்டலில் எந்தக் காலடி கேட்டாலும் ஆள்காட்டி எழுந்து பறந்து, தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி, "யாரு? ஏன் வந்தே? சொல்லு, கேக்கிறேன்" என்று கதறுகிறது. புதருக்குள் முயலும் தன் பிளந்த உதட்டை அசைத்துக்கொண்டேதான் இருக்கிறது. சத்தம்தான் வருவதில்லை.