ஏழு வீட்டாரும் ஒரு பூதமும்

மலைகளெல்லாம் இளசாக இருந்த காலத்திலே, வேங்கைநாடு என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. ஒரு வருஷம் ஆறு பெருகி ஊர்களை அடித்துக்கொண்டு போனது. வீடிழந்த ஏழு குடும்பங்களுக்கு ராஜா ஒரு குன்றின்மேல் இடம் கொடுத்து, சேர்ந்து பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஏழு பேரும் ஏழு வீடு கட்டினார்கள். ஏழு வாசலும் ஏழு பக்கம் பார்த்தன. யார் வாசலில் நின்றாலும் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும்.

அதில் ஒரு வீடு சிலம்பாயியுடையது. கயிறு திரித்துப் பிழைக்கிறவள். வெள்ளம் வந்த அன்று அவள் தங்கை வீடு இடிந்து விழுந்தது பக்கத்து வீட்டுக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் தங்கை பிழைத்திருப்பாள். அந்த வேதனையில் அவள் மூன்று வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு நாளாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள் என்று கெஞ்சினாள். செக்காட்டும் மருதாசலம் தனக்கு வேலை இருக்கிறது என்றான். தச்சன் உடையப்பன், மருதாசலம் வந்தால் வரமாட்டேன் என்றான். பால் விற்கும் அங்காயி வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்தாள். மற்ற மூன்று வீட்டிலும் கதவே திறக்கவில்லை.

ஒருநாள் காலையில், கயிறு கட்டக் கம்பம் நட அவள் குழி தோண்டினாள். கடப்பாரை ணங்கென்று எதிலோ மோதியது. எடுத்துப் பார்த்தால், ஈயத்தால் வாயடைத்த செம்புக்குடம். மூடியைப் பெயர்த்ததும் புகை கிளம்பி, பனைமர உயரத்தில் ஒரு பூதமாக நின்றது.

அது கைகூப்பித் தன் கதையைச் சொன்னது. ஒரு மந்திரவாதி அதைக் குடத்தில் அடைத்து ஒரு கட்டுப் போட்டிருந்தான். குடத்தைத் திறக்கும் தெருவில் உள்ள எல்லா வீட்டாரும் ஒரே வாயாக ஒன்றைக் கேட்க வேண்டும். அதைப் பூதம் செய்து கொடுக்க வேண்டும். உடனே விடுதலை. ஒத்துப்போகாமல் கேட்டால் அது கல்லாகும். முதல் தடவை முழங்கால், இரண்டாம் தடவை இடுப்பு, மூன்றாம் தடவை கழுத்து, நான்காம் தடவை தலை.

"ஏழே வீடுதானே தாயி? மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றது பூதம் சந்தோஷமாக.

சிலம்பாயி அதைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்த மந்திரவாதியும் ஒரு தெருவில் குடியிருந்தவன்தான். உலகத்தில் நடக்கவே நடக்காத காரியம் எதுவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பூதத்தைப் பார்க்கும் ஆசையில் ஏழு வீட்டாரும் வெளியே வந்தார்கள். தண்ணீருக்கு ஆற்றுக்கு இறங்க வேண்டியிருக்கிறது, கிணறு கேட்போம் என்றாள் சிலம்பாயி. எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கே என்று பூதம் கேட்டது. ஏழு பேரும் ஏழு இடத்தைக் காட்டினார்கள். பூதம் அலுக்காமல் ஏழு இடத்திலும் தோண்டியது, ஏழு இடத்திலும் மூடியது. தன் பங்குத் தண்ணீரையும் மற்றவர்கள் குடித்துவிடுவார்கள் என்றான் மருதாசலம். பூதத்தின் முழங்கால் கல்லானது.

மறுநாள் ஆற்றுக்குப் பாதை கேட்டார்கள். எந்த வீட்டு ஓரமாகப் போவது என்பதில் பொழுது சாய்ந்தது. இடுப்பு கல்லானது.

மூன்றாம் நாள் மழைக்கு ஒதுங்க ஒரு கூடம் கேட்டார்கள். ஓடு வேண்டும் என்றது ஒரு வீடு, கூரை வேண்டும் என்றது இன்னொரு வீடு. உடையப்பன் தூண்களை மூன்றுதரம் மாற்றச் சொன்னான். அங்காயி தனக்கு எதுவானாலும் சரி என்றாள். அப்புறம் அது சரியில்லை என்றாள். பூதம் தூணைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தது. "மலையைத் தூக்கியிருக்கேன் தாயி, சமுத்திரத்தைத் தாண்டியிருக்கேன். இந்த மாதிரி எங்கேயும் அல்லாடினதில்லை" என்றது. சொல்லி முடிக்கும்போது கழுத்து வரை கல்லாகியிருந்தது.

சிலம்பாயிக்கும் பொறுமை போயிற்று. இனி யாரும் எதுவும் கேட்க வேண்டாம், அவரவர் வீட்டில் அவரவர் கிடக்கட்டும் என்று கத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் போய்விட்டார்கள்.

கோடை வெயில். கல் உடம்பு காய்ந்து, சூடு பூதத்தின் தலைக்கு ஏறியது. அது தண்ணீர் கேட்டது. பனைமர உயரத் தொண்டைக்கு ஒரு குடம் எந்த மூலைக்கு? சிலம்பாயி ஏணி சாத்தி ஏறினாள், ஆற்றுக்கு இறங்கினாள், மறுபடி ஏறினாள். மூன்றாம் நாள் கால் மடங்கி வழியில் விழுந்தாள்.

விழுந்த குடத்தை எடுத்தது உடையப்பன். அந்த ஏணி ஆடுகிறது, பார்க்கவே சகிக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அதற்கு முட்டுக்கொடுத்தான். பூதத்தின் முனகலில் மாடு பால் சுரக்கவில்லை என்று திட்டிக்கொண்டே அங்காயி இரண்டு குடத்தோடு வந்தாள். மருதாசலம் எண்ணெய் கொண்டுவந்து பூதத்தின் உச்சியில் வைத்தான். காரணம் எதுவும் சொல்லவில்லை. கதவு திறக்காத மூன்று வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. ஆற்றிலிருந்து குன்று வரை வரிசையாக நின்று குடத்தைக் கை மாற்றினார்கள். யாரும் வீட்டுக்குப் போய்ச் சமைக்க முடியாததால், அங்கேயே ஒரு பானையில் கஞ்சி வைத்தார்கள்.

இப்படியே நாலு நாள். ஐந்தாம் நாள் பூதம் அழுதது.

"போதும். எதையாவது தப்பாக் கேட்டுடுங்க. தலையும் கல்லாயிட்டா தாகம் இருக்காது. உங்க பிழைப்பைப் பாருங்க."

குடம் அவரவர் கையில் இருந்தபடியே இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏணி மேலே இருந்தவனும் கீழே இருந்தவளுமாக ஏழு வீட்டாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்:

"நீ பிழைச்சு எழுந்திருக்கணும்."

சொன்னபிறகுதான் சிலம்பாயிக்குத் திக்கென்றது. நான்காவது தடவை. கண்ணை மூடிக்கொண்டாள்.

பாறை பிளக்கிற சத்தம் கேட்டது. கழுத்துக் கல் உதிர்ந்தது, இடுப்புக் கல் உதிர்ந்தது, முழங்கால் கல் உதிர்ந்தது. பூதம் மெல்ல நிமிர்ந்து நின்றது. சிலம்பாயியின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. உங்களுக்கு இன்னும் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்க வாயெடுத்து, நடந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்து, கேட்காமலே வானத்தில் பறந்து மறைந்தது.

இனி எல்லாரும் கலைந்துவிடுவார்கள் என்று சிலம்பாயி நினைத்தாள். யாரும் நகரவில்லை. கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து குடித்தார்கள். உப்பு அதிகம் என்றான் மருதாசலம். அப்படியானால் நாளைக்கு நீயே வந்து போடு என்று சிலம்பாயி எரிந்து விழுந்தாள். மறுநாள் அவன் உப்புச் சட்டியோடு வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். உப்பு போதவில்லை என்றார்கள். சிலம்பாயி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கை போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பக்கம் நீங்கள் போனால் பார்க்கலாம். உங்களுக்கும் ஒரு வேலை கொடுப்பார்கள், செய்ததில் ஒரு குறையும் சொல்வார்கள், ஆனால் பசியோடு அனுப்பமாட்டார்கள். கதை அவ்வளவுதான்.