மாடி அறை

புதுமனைப் புகுவிழா அழைப்பிதழைத் தட்டில் வைத்து நீட்டினார் தெய்வநாயகம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குமரேச அடிகளின் மடத்துக்குப் பல வருடங்களாக வருகிற சீடர்.

அடிகள் தட்டை வாங்கவில்லை.

"வீடு கட்டின மேஸ்திரிக்கும் உங்களுக்கும் ஏதோ தகராறுன்னு சொன்னாங்களே?"

"அது முடிஞ்சுடுச்சு சாமி."

"எப்படி முடிஞ்சுது?"

தெய்வநாயகம் சொன்னார். சூசை மேஸ்திரியிடம் வாய்ப்பேச்சாகத்தான் வேலையை விட்டிருந்தார். பாதி வேலையில், மாடியில் ஓர் அறை வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டார். "போடுங்க மேஸ்திரி, கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இவர் சொல்ல, சூசை வட்டிக்கு வாங்கி ஆட்களுக்குக் கூலி கொடுத்து அறையை முடித்தார். பணம் கேட்டபோது, எல்லாம் சேர்த்துத்தான் முதலில் பேசியது என்று இவர் கைவிரித்துவிட்டார். கடன்காரர்கள் சூசையின் வண்டியையும் கலவை மிஷினையும் தூக்கிப் போனார்கள். அந்த வாரமே பக்கவாதம் வந்து விழுந்தார். பேச்சு குழறிப்போயிற்று. அவர் சொல்வது மனைவிக்கு மட்டும்தான் புரியும்.

"அவர் சம்சாரம் லூர்துமேரி ஸ்டேஷன்ல புகார் கொடுத்தாங்க. எழுத்து ஏதாவது இருக்கான்னு போலீஸ்ல கேட்டாங்க, இல்லை. சாட்சி இருக்கான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"என்னைக் காட்டினாங்க சாமி. இவர்கிட்டதான் பேசினாரு, இவரையே கேளுங்கன்னு."

"நீங்க?"

"அப்படி எதுவும் பேசலைன்னேன்."

தெய்வநாயகம் தட்டைக் கீழே வைத்தார்.

"பொய்ப் புகார்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஊர்லயும், சூசை ஏமாத்தப் பார்த்தான்னுதான் பேச்சு. ஆனா அந்தம்மா என்னைத் திட்டக்கூட இல்லை சாமி. அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. இதுக்கு ஏதாவது பரிகாரம் இருக்கா?"

அடிகள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, அவரைப் பார்த்துட்டு வருவோம்."

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது சூசையின் வீடு. லூர்துமேரி கதவைத் திறந்தார். தெய்வநாயகத்தைப் பார்த்ததும் கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். பிறகு அடிகளுக்காக வழிவிட்டார்.

கயிற்றுக் கட்டிலில் கிடந்த சூசை, தெய்வநாயகத்தை அடையாளம் கண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. ஏதோ சொன்னார். திரும்பவும் சொன்னார். லூர்துமேரி குனிந்து கேட்டார்.

"என்ன சொல்றார் அம்மா?" என்றார் அடிகள்.

"நேத்து மழை பெஞ்சுதுல்ல. மாடி ரூம்ல ஒழுகுச்சான்னு கேக்குறார்."

சூசையின் கண்கள் தெய்வநாயகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒழுகலை மேஸ்திரி" என்றார் தெய்வநாயகம். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

சூசை தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது ரயில் கேட் மூடியிருந்தது. இருவரும் நின்றார்கள்.

"பிழைச்சுக்குவாரா சாமி?"

"பார்த்தா அப்படித் தெரியலை."

தெய்வநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பணத்தை முழுசாக் கொடுத்துடுறேன். நாளைக்கே கொடுத்துடுறேன். வைத்தியச் செலவுக்கு என்னால ஆன உதவின்னு சொல்லி அந்தம்மா கையில கொடுத்துட்டா முடிஞ்சுது. ஸ்டேஷன்ல சொன்னதை இனிமே மாத்திச் சொன்னா நான் ஊர்ல தலைகாட்ட முடியாது. அதைக் கிளற வேண்டாம். சரிதானே சாமி?"

சரக்கு ரயில் ஒன்று இரைச்சலோடு வந்தது. அது கடந்து போகும்வரை அடிகள் காத்திருந்தார்.

"உதவின்னு கொடுத்தாலும் அந்தம்மா வாங்கிக்குவாங்க. மருந்துக்கு ஆகும். ஆனா சூசை ஊர் கண்ணுல பொய் சொன்னவராத்தான் சாவார்."