ஊதா வராத வரிசை

ஆராய்ச்சிப் பண்ணை இயக்குநர் சடகோபன் பேசினால் செடிகூடக் கைகட்டி நிற்க வேண்டும். போன பட்டத்தில் அவர் ஒரு வெள்ளைக் கத்தரிப் பூவில் ஊதாக் கத்தரியின் மகரந்தத்தைத் தடவி, படமும் எடுத்துக்கொண்டார். அந்த விதையில் வளர்வதெல்லாம் ஊதாவாகத்தான் காய்க்கும் என்று ஆய்வுக் குழுவையே வரவழைத்தார். வந்து பார்த்தால் வரிசை முழுக்க வெள்ளை! பக்கத்தில், தினக்கூலி பூவாத்தா அதே கலப்பைச் செய்த வரிசையில்தான் ஊதா தொங்கியது.

"இவதான் விதையைக் கலந்துட்டா!" என்று கத்தினார் சடகோபன். "பதில் சொல்லு, இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"கலந்திருந்தா அங்கங்க நாலு ஊதாவும் இருக்கோணுமுங்களே" என்றாள் பூவாத்தா. "இங்க ஒண்ணு விடாம வெள்ளை அம்மா சாடை. ஊதா அப்பன் வந்திருந்தா வெள்ளையை மறைச்சிருப்பானுங்க. மொட்டுலயே கிள்ள வேண்டிய மகரந்தப் பையை, படம் எடுக்கிற அவசரத்துல நீங்க கிள்ளலீங்க. பூ தன்னோட தூள்லயே காய் பிடிச்சிருச்சு. அந்தப் படத்தையே பாருங்க."

குழுத் தலைவர் பார்த்தார். பூ நடுவே மஞ்சள் பைகள் பளிச்சென்று நின்றன. எல்லோரும் சிரித்தார்கள். பூவாத்தாவின் வேலை தப்பியது.

நியாயம் அதோடு நின்றது. மறுமாதம் புதுப் பலகைகள் நட்டார்கள். குமாஸ்தா பூவாத்தாவுக்குப் படித்துக் காட்டினார்: ஊதா வரிசையில் "கலப்பு செய்தவர்: சடகோபன்." வெள்ளை வரிசையில் "பூவாத்தா."

"செடிக்கு அப்பன் யாருன்னு காய் சொல்லிருமுங்க" என்று களைக்கொத்தை எடுத்தாள் அவள். "ஊதாவை யார் பண்ணுனதுன்னு இங்க எல்லாத்துக்கும் தெரியும். சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாயில்லீங்க."